காகத்துக்கு வைத்த முதல் சொசேஜ்

சிக்காகோவில் ஹொட் டோக் மேல் கெச்சப் கேட்கிறவனை மனிதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். படிக்கிற காலத்தில் மூன்று வருடம் ஒரு கிரேக்கரின் ஹொட் டோக் கடையில் நின்று நான் கற்றுக்கொண்ட ஒரே தத்துவம் இதுதான். மஞ்சள் கடுகு போடலாம், வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரிக்காய், குட்டி மிளகாய் எல்லாம் போடலாம். கெச்சப் என்று வாய் திறந்தால் முதலாளி ஆளை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு எத்தனை வயது?" என்று கேட்பார். எட்டு வயதுக்கு மேல் என்றால் கிடையாது.

எண்பத்தைந்தாம் ஆண்டு செப்ரெம்பரில், ஒரு புதன்கிழமை, கோப்பன்ஹேகன் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற வண்டியில் என் முதல் டெனிஷ் ஹொட் டோக்கை வாங்கினேன். அந்தப் பெண் என்னைக் கேட்காமலே கெச்சப்பைப் பீச்சினாள். எனக்கு நெஞ்சு பகீர் என்றது. அதோடு விட்டாளா? கடுகு, ரெமுலாட் என்று மஞ்சளாக ஒரு குழம்பு, பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், கடைசியில் கூரை வேய்கிற மாதிரி வெள்ளரித் துண்டுகள். சொசேஜின் நிறமோ கூறைச்சேலைச் சிவப்பு. பாணுக்கு இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டு நின்றது, சின்னக் கட்டிலில் படுக்க வைத்த நெட்டை மாப்பிள்ளையைப் போல.

எனக்குப் பின்னால் நின்ற கோட்டும் ரையும் அணிந்த கனவான் ஒருவர், "இரண்டு சிவப்பு, ஒரு சொக்கலேற் பால்" என்றார். சொசேஜைக் கடுகில் தோய்த்துக் கடித்துவிட்டு அந்தப் பாலைக் குடித்தார். சிக்காகோவில் இதைச் செய்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருப்பார்கள். நான் என்னுடையதைக் கடித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்ல ருசி. கிரேக்கருக்குத் துரோகம் செய்த மனநிலையோடு இன்னொன்றும் வாங்கினேன்.

நான் வந்தது சொசேஜ் தின்ன இல்லை. ஒரு வகையில் அதற்காகவும்தான். கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் என் ராணி அக்கா கடிதம் போட்டிருந்தாள். "தம்பி, அத்தான் சொசேஜ் வண்டி எடுக்கப்போறார். வண்டிக்காரக் கிழவன் சனிக்கிழமை வந்து முடிவு சொல்லுவானாம். உனக்கு இந்த விஷயம் தெரியுமெல்லே. லீவு கிடைச்சால் ஒருக்கா வந்து நில்லு. நீ பக்கத்தில நிண்டால் அவருக்கு ஒரு தைரியம்."

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். என் அத்தான் பரமநாதன் சுத்த சைவம். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திருநீறு பூசுகிறவர். அவர் சொசேஜ் விற்பது, நான் கோயிலில் பூசை செய்வதற்குச் சமம். நானும் சிக்காகோவில் சைவமாக இருக்கிறேன் என்றுதான் குடும்பத்தில் நம்பிக்கை. அங்கே ஹொட் டோக் என்பது சுத்தமான மாட்டிறைச்சி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக்கூட உச்சரிக்க முடியாது.

ரயில் ஏறினேன். புரொண்பி நிலையம் வந்தது, பெயர்ப்பலகை தெரிந்தது, ரயில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மனிதரிடம், "புரொண்பி?" என்று பதறினேன். அவர் என் உச்சரிப்பை மூன்று தரம் திருத்தி, நான் ஓரளவு தேறியபின், "அது போய்விட்டது, இது வேக ரயில்" என்றார். டென்மார்க் அரசர்களைப் புதைக்கிற ஊரில் போய் இறங்கி, பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தேன். அக்கா நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றிருந்தாள்.

"சிக்காகோவில இருந்து வழி பிழைக்காமல் வந்தவன், இஞ்சை வந்து துலைஞ்சு போனியே!" என்றாள்.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் மேசையில் ஆறிப்போய் இருந்தன. அத்தான் வண்டியைப் பூட்டிவிட்டு இன்னும் வரவில்லை. நான் சாப்பிடும்போது அக்கா கதிரையை இழுத்துக் கிட்ட வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கதைத்தாள்.

"உனக்குக் கடிதத்தில எழுதேல்லை. போன வருசம் பக்டரி பூட்டினதுக்குப் பிறகு மனுசன் ஜன்னலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு கார் எண்ணத் தொடங்கிட்டார். இண்டைக்குச் சிவப்புக் கார் இத்தினை, வெள்ளைக் கார் இத்தினை எண்டு பின்னேரம் எனக்குச் சொல்லுவார். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, தம்பி."

அத்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் குளிரூட்டும் இயந்திரம் பற்றிப் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் திரும்பாமல், டோஸ்ட்ருப்பில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றவர். அது மூடியதும் கொமூன என்கிற நகரசபை அலுவலகம் அவரை 'வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி' என்ற வகுப்புக்கு அனுப்பியது. வேலை கிடைக்கவில்லை என்றதும் அதே வகுப்புக்கு மறுபடியும் அனுப்பியது. மூன்றாவது தரம் போனபோது ஆசிரியை சுகவீனம் என்று அத்தானே வகுப்பை நடத்தினாராம். ஊருக்குத் திரும்புகிற கதையை எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எவரும் எடுப்பதில்லை. ஊரில் இருந்துதான் பொடியங்கள் நாள்தோறும் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் டோஸ்ட்ருப் நிலையத்தடியில் முப்பது வருடமாகச் சொசேஜ் வண்டி வைத்திருந்த ஹென்னிங் என்ற கிழவர் ஜூன் மாதம் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவரிடம் தினமும் கோப்பி குடிக்கப் போகும் அத்தானைக் கொஞ்ச நாள் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றோடு கார் எண்ணுவது நின்றது.

"இந்த வண்டி போச்செண்டால் இவர் திரும்பவும் அந்தக் கதிரையில போய் இருந்திடுவார்" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. நான் இன்னும் இரண்டு இடியப்பம் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வியாழன் காலை அத்தானோடு போனேன். வண்டியை இரவில் ஒரு கொட்டிலில் விட்டு, காலையில் கையால் தள்ளிக்கொண்டுதான் நிலையத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். "நீர் முன்னுக்குப் பிடியும், தம்பி. நான் தள்ளுறன்" என்றார். நான் அமெரிக்கப் பழக்கத்தில் வசதியாகத் தெரிந்த மழமழப்பான பாதையில் வண்டியை இறக்கினேன். அது சைக்கிள் பாதை. டென்மார்க்கில் நீங்கள் அரசியைக்கூடக் கேலி செய்யலாம் போலிருக்கிறது, சைக்கிள் பாதையில் மட்டும் கால் வைக்கக்கூடாது. முப்பது மணிகள் ஒன்றாக அடித்தன. பிள்ளையை முன்னால் வைத்து ஓட்டிய ஒரு பெண் எங்களைக் கடக்கும்போது ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுறா, அத்தான்?"

"அதைத் தமிழில சொல்லேலாது" என்றார்.

வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, தொப்பிக்குக் கீழே திருநீற்றுக் குறி தெரிய, அத்தான் வண்டிக்குள் ஏறினார். சுடுதண்ணீர்ச் சட்டியில் சிவப்புச் சொசேஜ்கள், சூடான இரும்புத் தட்டில் வாட்டுகிறவை. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வேக வைத்தார், ஆவியை மணந்து பதம் சொன்னார். வெள்ளரித் துண்டுகளை அவர் அடுக்கிய ஒழுங்கைப் பார்த்தால் கிரேக்கர் கண்ணீர் விட்டிருப்பார்.

"ருசி பாக்காமல் எப்பிடி, அத்தான்?" என்றேன்.

"படையலுக்குச் சமைக்கிற ஆக்கள் ருசி பாத்தே சமைக்கினம்?" என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்து அவர் செய்த வேலைதான் விசேஷம். முதல் சொசேஜை இடுக்கியால் எடுத்தார். கடதாசித் தட்டில் வைத்து, ஒரு பாண் துண்டும் சேர்த்து, வண்டிக்குப் பின்னால் இருந்த மதிலில் பக்குவமாக வைத்தார். "கா... கா..." என்று கூப்பிட்டார். உடம்பெல்லாம் சாம்பல் பூசிய டெனிஷ் காகங்கள் இரண்டு, நேரம் தெரிந்தவைபோல வந்து இறங்கின. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வரிசையில் நின்ற ஒரு பஸ் சாரதி என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய் ஆங்கிலத்தில் கதைத்தார்.

"உன் அத்தான் நல்ல மனிதர். ஆனால் முதல் சொசேஜை ஏன் பறவைக்குப் போடுகிறார்? ஹென்னிங் முப்பது வருடமாக அன்றன்றைய முதல் சொசேஜை எங்கள் கண் முன்னால் தானே சாப்பிட்டவன். அவன் விழுங்கின பிறகுதான் நாங்கள் வாங்குவோம். இந்த ஆள் தான் தின்னாததை எங்களுக்கு விற்கிறான் என்று சிலர் ஹென்னிங்கிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். பிரெபென் என்று ஒருவன் வண்டிக்கு அலைகிறான். அவன் ஒரு நாளைக்கு நாலு தின்கிறவன்."

நான் திரும்பி வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் கையில் பிடித்த இடுக்கி அப்படியே நின்றது.

"ஹென்னிங் என்னட்டைச் சொன்னது, முதல் சொசேஜ் விக்கிறதுக்கில்லை, அது இந்த வண்டியின்ரை வழக்கம் எண்டு. விக்கிறதுக்கில்லை எண்டால் வேறை ஆருக்கு, தம்பி? காகத்துக்குத்தானே! அட, இவங்களுக்கும் எங்கடை பழக்கம் இருக்குதெண்டு நான் சந்தோசப்பட்டுப் போனன்."

"இனி நீங்கள் ஒண்டைக் கடிச்சுக் காட்டினால்..."

"நாப்பத்தேழு வயசு. முட்டைகூட வாயில வைக்காதவன். வண்டி போனால் போகட்டும்" என்றார். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஹொட் டோக்கில் வெள்ளரித் துண்டுகள் கோணலாக விழுந்தன.

பின்னேரம் அக்கா பள்ளிக்கூடம் துப்பரவு செய்கிற வேலை முடிந்து உதவிக்கு வந்தாள். அத்தான் பாண் எடுத்துவரப் பேக்கரிக்குப் போனார். நான் வண்டியைச் சுற்றி வந்தபோது அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தோள் அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். மூக்கு நுனியில் ரெமுலாட் இருந்தது.

"அக்கா!"

"சத்தம் போடாதை! மிஞ்சினதை எறியச் சொன்னார். எறிய மனம் வரேல்லை. ஒருநாள் வாயில வைச்சன். பிறகு விடேலாமல் போச்சு." மிச்சத்தையும் விழுங்கினாள். "வெள்ளிக்கிழமையில தொடுறதில்லை" என்று கொஞ்சம் பெருமையோடு சேர்த்தாள்.

"அத்தானுக்குத் தெரிஞ்சால்?"

"நீ சொன்னால்தானே தெரியும். சிக்காகோவில நீ மாடு தின்னுறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? சொசேஜ் கடையில மூண்டு வருசம் நிண்டவன் கீரையே திண்டிருப்பாய்?"

உடன்படிக்கை அந்த இடத்திலேயே கைச்சாத்தானது.

அன்று பின்னேரம் வீட்டில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் வாழ்க்கையில் எனக்கு உதித்த யோசனைகளை வரிசைப்படுத்தினால் இது கடைசியில் வரும். சைவச் சொசேஜ் ஒன்று செய்வது. சனிக்கிழமை அத்தான் அதை எல்லாருக்கும் முன்னால் சாப்பிடுவது.

"அது ஏமாத்து வேலையெல்லே?" என்றார் அத்தான்.

"நீங்கள் சாப்பிடுறியள், அவங்கள் பாக்கிறாங்கள். இதில பொய் எங்கை, அத்தான்?"

அவர் விண்ணப்பம் எழுதும் வகுப்பு எடுத்தவர். வாதத்தில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியும். இருந்தும் பேசாமல் உழுந்தை ஊறப்போட்டார். அக்கா உழுந்தை அரைத்து, கடலை மாவும் பீட்ரூட் சாறும் விட்டுக் குழைத்து, துணியில் சுருட்டி அவித்தாள். தூரத்தில் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சொசேஜ்தான்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. அக்கா லீவு போட்டு, தலை முழுகி, திருநீறும் குங்குமமுமாக வந்தாள். மற்றச் சொசேஜ்களின் தண்ணீரில் சைவம் கிடக்கலாமா என்று அத்தான் கேட்டதால், முதலில் வெறும் சுடுதண்ணீரில் எங்கள் படைப்பை இறக்கினோம். மற்றவற்றைத் தட்டில் வாட்டினோம். அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஊன்றுகோலோடு ஹென்னிங் இறங்கினார்.

அவரை இனித் தன்னோடு வைத்துக்கொள்ள மகள் கிரின்ஸ்டெட்டில் இருந்து ஒரு நாள் முந்தியே காரில் வந்துவிட்டாளாம். பஸ் ஒழுங்காக ஓடாத அந்தத் தூர ஊருக்கு, அவளுக்கு லீவு கிடைத்த நாளில் அவளுடைய காரிலேயே போகத்தான் வேண்டும். ஆகவே முடிவு சனிக்கிழமை இல்லை, இப்போதே. பிரெபெனுக்கும் எப்படியோ செய்தி போயிருந்தது. அவன் அத்தானிடமே ஒரு ஹொட் டோக் வாங்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாயைத் திறந்து மென்றுகொண்டு நின்றான்.

"இன்றைய முதல் சொசேஜ் எங்கே?" என்றார் ஹென்னிங்.

அத்தான் மூடியைத் திறந்தார். சொசேஜ் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஹென்னிங் எட்டிப் பார்த்தார். முப்பது வருட அனுபவத்தில் அவர் அப்படி ஒன்றைக் கண்டிருக்கமாட்டார்.

"இது என்ன?"

அத்தான் தொப்பியைக் கழற்றினார். டெனிஷில் நிதானமாகச் சொன்னார். எனக்கு அக்கா காதுக்குள் மொழிபெயர்த்தாள். "இது என் பிழை, ஹென்னிங். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. இதுவரை சாப்பிட்டதில்லை, இனியும் மாட்டேன். முதல் சொசேஜைப் பறவைக்கு வைத்தது அது கூடாத சாப்பாடு என்பதால் அல்ல. எங்கள் வீடுகளில் நல்ல சாப்பாட்டின் முதல் பிடி அவற்றுக்குத்தான்."

ஹென்னிங் மூடியை வாங்கிச் சட்டியை மூடினார். பிறகு, "நல்ல பழக்கம். ஆனால் என் வாடிக்கைக்காரர்கள் பறவைகள் இல்லை" என்றார். "தன் வாயில் வைக்காததை இந்த வண்டியில் இருந்து எவரும் விற்றது கிடையாது."

அவர் பிரெபென் பக்கம் திரும்பினார். நான் பாய்ந்து முன்னால் போய், "நான் சாப்பிடுகிறேன்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"நீ எங்கே இருக்கிறாய்?"

"சிக்காகோவில்."

"தினமும் காலையில் வருவாயா?"

சனம் சிரித்தது. பிரெபென் அதிகமாகச் சிரித்தான். அத்தான் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்குத் தாங்க முடியவில்லை.

அக்கா என்னை விலக்கிவிட்டு வண்டிக்குள் ஏறினாள். தட்டில் இருந்து ஒரு சொசேஜை எடுத்தாள். பாண், கெச்சப், கடுகு, ரெமுலாட், இரண்டு விதமான வெங்காயம், வெள்ளரி என்று கண்ணால் பார்க்காமலே கை ஓடியது. நெற்றியில் குங்குமத்தோடு, ஈரத் தலைமுடியோடு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, நிலையத்தடியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் கடித்தாள். அவசரப்படவில்லை. கடைசித் துண்டுவரை சாப்பிட்டு விரலில் இருந்த கடுகையும் நக்கினாள்.

பத்து வருடமாக நான் ஒளித்துத் தின்றவன். எல்லாருக்கும் முன்னால் அவள் கடித்ததைப் பார்த்து வந்த வெட்கம் எனக்கு என் வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை.

ஹென்னிங் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பழகின கை எது, நடிக்கிற கை எது என்று அவருக்குத் தெரியாதா?

"எவ்வளவு காலமாக?" என்றார்.

"ஜூனில் இருந்து. வெள்ளிக்கிழமை தவிர."

"இன்று வெள்ளிக்கிழமை."

"தெரியும்" என்றாள் அக்கா.

கிழவர் பொக்கெற்றுக்குள் கையை விட்டு, கொட்டில் பூட்டின் திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "வண்டி இவளுக்கு. புருஷனும் நிற்கட்டும், வெள்ளரி நன்றாக அடுக்குகிறான்" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு காரடிக்குப் போனார். பஸ் சாரதி உடனே இரண்டு ஹொட் டோக் கேட்டார். பிரெபென் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

அத்தான் தொப்பியை எடுத்து மாட்டினார். கோட்டுப் பொத்தான்களைத் திரும்பப் பூட்டினார். கூழை ஊற்றினார், சட்டியைத் தேய்த்துக் கழுவினார், புதுத் தண்ணீர் வைத்தார். ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்தார். அக்கா பக்கத்தில் தலை குனிந்து வெங்காயம் வெட்டினாள். பதினைந்து வருடம் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவர்கள். இன்றைக்கு வீட்டில் என்ன நடக்குமோ? நான் வண்டிக்கு வெளியே சும்மா நிற்காமல் மேசையைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

வரிசை முடிந்தது. அத்தான் இடுக்கியைக் கீழே வைத்தார். சட்டிக்குள் மிதந்த சொசேஜ்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ராணி, அது என்ன மாதிரி இருக்கும்?"

அக்கா கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"வேண்டாம், விடுங்கோ" என்றாள். "சொன்னால் உங்களுக்கும் ஆசை வந்திடும்."